காரின் பின் பம்பரில் டிஃப்யூசர் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் காரிலும் நண்பர்கள் கார்களிலுமாகப் பின் பம்பர் டிஃப்யூசர், லிப், ஓரத் துண்டுகள் என்று பல முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

டிஃப்யூசர், லிப் இரண்டும் ஒன்றா?

இல்லை. பம்பரின் கீழ் நடுப்பகுதியில், சைலன்சர் குழாய்களைச் சுற்றி வரும் துண்டு டிஃப்யூசர். அதில் செங்குத்தாகச் சில துடுப்புகள் இருக்கும். லிப் என்பது பம்பரின் கீழ் விளிம்போடு ஒட்டிப் போகும் மெல்லிய பட்டை. இரண்டு மூலைகளிலும் மட்டும் மாட்டும் சிறு துண்டுகளும் கிடைக்கின்றன. சில கார்களில் பம்பரின் கீழ்ப்பகுதியே தனித் துண்டாக வரும். அதை எடுத்துவிட்டு டிஃப்யூசரை அதே இடத்தில் மாட்டலாம். அப்படி மாற்றி மாட்டும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய துண்டின் கிளிப்புகளும் ஓட்டைகளும் அப்படியே பயன்படும், ஒட்ட வேண்டிய வேலையே இருக்காது.

இதை மாட்டினால் கார் சாலையை இறுக்கிப் பிடிக்குமா?

சாதாரண காரில் வித்தியாசம் தெரியாது. டிஃப்யூசர் வேலை செய்ய, காரின் அடியில் காற்று தடையில்லாமல் வேகமாக ஓடி வர வேண்டும். பின்னால் மெல்ல விரியும் அந்த இடத்தில் காற்று வேகம் குறைந்து வெளியேறும்போதுதான் காருக்கு அடியில் அழுத்தம் குறைந்து, கார் சாலையோடு அழுந்தும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1983-இல் காரின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, பின்பக்க டிஃப்யூசருக்கு மதிப்பு கூடியதற்கு இதுதான் காரணம். நம் கார்களின் அடியிலோ சைலன்சர், பெட்ரோல் டேங்க், சஸ்பென்ஷன் எல்லாம் வெளியே தெரியும். பம்பரோடு நின்றுவிடும் ஒரு பிளாஸ்டிக் துண்டு அந்தக் காற்றை ஒழுங்குபடுத்திவிட முடியாது. அழகுக்காக மாட்டுகிறோம் என்று தெளிவாக இருந்தால் போதும். அழகுக்காகச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை.

எந்தப் பொருளில் வாங்குவது நல்லது?

முதல் முறை செய்கிறவருக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைச் சொல்வேன். பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு, இது பிளாஸ்டிக் வகையின் பெயர். அச்சில் வார்த்து வருவதால் வடிவம் பெரும்பாலும் சரியாக இருக்கும், பெயின்டும் நன்றாகப் பிடிக்கும். பாலியூரித்தேன் ரப்பர்போல வளையும். மேட்டில் உரசினாலும் உடையாது. ஆனால் பெட்டியில் மடங்கி வந்தால் கோணலாகவே வரும். வெயிலிலோ வெதுவெதுப்பான நீரிலோ வைத்து நிமிர்த்திய பிறகே மாட்ட வேண்டும்.

ஃபைபர் கிளாஸ் மலிவு. அதில் விளிம்பு சரியாக இராது, மேற்பூச்சில் ஊசித்துளைகள் இருக்கும், ஓட்டைகள் இடம் மாறியிருக்கும். தேய்த்துத் தேய்த்து ஒப்பேற்றும் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். தேய்க்கும்போது முகமூடி, கண்ணாடி, முழுக்கை சட்டை மூன்றும் கட்டாயம். அந்தத் தூசி தோலில் குத்தினால் இரண்டு நாளைக்கு அரிக்கும், நுரையீரலுக்குள் போவது அதைவிடக் கெடுதல்.

கார்பன் ஃபைபர் எடை குறைவு, பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ரேடார் பற்றிய கேள்வியில் இது மறுபடியும் வரும்.

வாங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

காரின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரே மாடலில் இடையில் முகம் மாற்றி வெளியிடும்போது பம்பரும் மாறும். ஒரே ஆண்டில்கூட விலை கூடிய வகைக்கு ஒரு பம்பர், சாதாரண வகைக்கு ஒரு பம்பர் இருக்கும். உங்கள் காரின் பின்பக்கத்தைத் தரையில் உட்கார்ந்து நேராக ஒரு படம் எடுத்து, விற்பவர் தரும் படத்தோடு வைத்துப் பாருங்கள். சைலன்சர் குழாய் ஒரு பக்கமா இரு பக்கமா, பின் ஃபாக் விளக்கும் பிரதிபலிப்பானும் எங்கே இருக்கின்றன, பார்க்கிங் சென்சார் எத்தனை, இழுவைக் கொக்கி மாட்டும் சதுர மூடி எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த மூடியை மறைக்கும் துண்டை வாங்காதீர்கள். கார் நடுவழியில் நிற்கும் நாளில் அந்த ஓட்டை தேவைப்படும்.

பம்பரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

ஒட்டும் லிப்புக்கு வேண்டாம். ஸ்க்ரூ போட்டு மாட்டும் டிஃப்யூசருக்குக் கழற்றுவதே மேல். பம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிரில்லை இறக்குவது ஆபத்து. சென்சார் வயர் கட்டு பெரும்பாலும் கீழ் விளிம்பை ஒட்டியே ஓடும். நண்பர் ஒருவர் பம்பரைக் கழற்றாமல் ஓட்டை போட்டு, நான்கு சென்சார்களையும் ஒரே நொடியில் செயலிழக்கச் செய்தார். வயரைத் தேடி ஒட்டுப்போட ஒரு நாள் முழுக்க ஆனது.

பம்பரை எப்படிக் கழற்றுவது?

ஒவ்வொரு காருக்கும் வரிசை கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். டிக்கியைத் திறந்தால் மேல் விளிம்பிலோ பின் விளக்குகளுக்குக் கீழேயோ ஸ்க்ரூக்கள் இருக்கும். சில கார்களில் விளக்குகளையே எடுத்தால்தான் அவை தெரியும். சக்கரக் குழியின் உள்ளே, பிளாஸ்டிக் மறைப்பும் பம்பரும் சேரும் இடத்தில் பக்கத்துக்கு இரண்டு மூன்று இருக்கும். அடியில் பிளாஸ்டிக் கிளிப்புகளும் போல்ட்டுகளும் வரிசையாக இருக்கும். 8, 10 மிமீ சாக்கெட்டும் டி20, டி25, டி30 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டும் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். கிளிப்பின் நடுப்பொத்தானை முதலில் தூக்கிவிட்டு அப்புறம்தான் முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். சிலது உடையத்தான் செய்யும், நாலைந்து புதுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வையுங்கள்.

எல்லாம் எடுத்த பிறகு, சக்கரக் குழிப் பக்கமிருந்து பம்பரின் ஓரத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் டப் டப்பென்று பிடிகள் விடும். பயமுறுத்தும் சத்தம்தான், ஆனால் அப்படித்தான் வரும். வராத இடத்தில் பலம் காட்டாதீர்கள்; அங்கே ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வயர் கனெக்டர்களைக் கழற்றும் வரை பம்பரைத் தொங்கவிடக் கூடாது. எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

காரைத் தூக்கினால் ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது.

பம்பருக்குப் பின்னால் இருக்கும் நுரைக்கட்டியை இடம் போதவில்லையென்றால் வெட்டலாமா?

வெட்டக் கூடாது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் தோல். மோதலைத் தாங்குவது உள்ளே இருக்கும் உலோகத் தண்டும், அதன் மேல் இருக்கும் அந்த நுரைக்கட்டியும்தான். டிஃப்யூசர் பொருந்த அவற்றை வெட்ட வேண்டியிருக்கிறது என்றால், அந்த டிஃப்யூசர் உங்கள் காருக்கானது இல்லை. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பெயின்ட் அடித்துவிட்டுப் பொருத்திப் பார்க்கலாமா, பொருத்திப் பார்த்துவிட்டு அடிக்கலாமா?

பொருத்திப் பார்த்துவிட்டுத்தான். பெயின்ட் அடித்த துண்டை விற்றவர் திரும்ப வாங்கமாட்டார். டேப், ஸ்க்ரூ எதுவும் இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் தொங்கவிட்டுப் பாருங்கள். நடுக்கோட்டைப் பம்பரிலும் டிஃப்யூசரிலும் குறித்து, இரண்டையும் சேர்த்து, நடுவிலிருந்து இரு பக்கமும் அளந்து வாருங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் அளவுகோல் என்ன சொன்னாலும் அது கோணல்தான், ஏனென்றால் பார்ப்பவர்கள் எல்லோரும் நம்பர் பிளேட்டை வைத்தும் சைலன்சரை வைத்தும்தான் பார்ப்பார்கள். 2 மிமீ இடைவெளியை டேப் அழுத்தம் சரிசெய்துவிடும் என்று நினைக்காதீர்கள். இழுத்துப் பிடித்து ஒட்டிய விளிம்பு எப்போதும் திரும்பிப் போகப் பார்க்கும்.

இரட்டைப் பக்க டேப் மட்டும் போதுமா?

இந்த வேலையில் அதிகம் கைவிடுவது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல அக்ரிலிக் நுரை டேப், உதாரணமாக 3எம் விஹெச்பி வகை, உண்மையிலேயே பலமானது. பெயின்ட் அடித்த வழவழப்பான பரப்பில் ஒட்டும் சிறு லிப்புக்கு அது மட்டுமே போதும். ஆனால் பெரும்பாலான பம்பர்களின் கீழ்ப்பகுதி, அதாவது டிஃப்யூசர் உட்காரும் இடம், பெயின்ட் இல்லாத சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக். பம்பரின் உட்புறத்தைப் பார்த்தால் பிபி, ஈபிடிஎம் என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலிபுரொப்பிலீனும் ரப்பரும் கலந்த பொருள் அது. சமையலறை டப்பாக்களில் ஒட்டிய ஸ்டிக்கர் சுலபமாக உரிந்து வருகிறதே, அதே குணம்தான் இதற்கும். எந்தப் பசையையும் எளிதில் ஏற்காது. சொரசொரப்பு வேறு சேரும்போது டேப் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

அங்கே டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒட்டுத்திறன் கூட்டும் பிரைமரை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு டேப் ஒட்டுங்கள், கூடவே ஸ்க்ரூவும் போடுங்கள். எடையை ஸ்க்ரூ தாங்கட்டும், விளிம்பு அதிராமல் டேப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் முதன்முதலில் ஒட்டிய லிப் இரண்டாவது வாரமே நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் பிய்ந்து தரையில் உரசியது. டேப் நல்ல டேப்தான். முந்தைய வாரம் காருக்கு மெழுகு பாலிஷ் போட்டிருந்தேன், ஷாம்பு போட்டுக் கழுவியதும் போய்விட்டது என்று நினைத்தேன். பின்னால் வந்த வண்டி தள்ளி வந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பரப்பைத் துடைப்பதில் நான் அவசரப்படுவதே இல்லை.

டேப் ஒட்டும் சரியான முறை என்ன?

சோப்பு நீரில் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். மெழுகும் கோட்டிங்கும் போக அதற்கான கிளீனரால் துடையுங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, சுத்தமான துணியால் ஒரே திசையில் துடையுங்கள். அதன் பிறகு அந்த இடத்தைக் கைவிரலால் தொடக் கூடாது. டிஃப்யூசரின் உட்பக்கத்துக்கும் இதே சுத்தம் வேண்டும். அச்சிலிருந்து சுலபமாக எடுக்கத் தடவும் எண்ணெய்ப்பசை அதில் ஒட்டியிருக்கும்.

பரப்பின் வெப்பநிலை 21 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் டேப் நன்றாகப் பிடிக்கும். 10 டிகிரிக்குக் கீழே இந்த வேலையைத் தொடவே வேண்டாம். குளிராக இருந்தால் ஹேர் டிரையரால் இரு பக்கமும் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

டேப்பின் பாதுகாப்புத் தாளை முழுக்க உரிக்காமல், ஓரத்தில் சிறிது உரித்து வெளியே மடக்கி, மாஸ்கிங் டேப்பால் பிடித்து வையுங்கள். துண்டைச் சரியான இடத்தில் வைத்த பிறகு, நடுவிலிருந்து தொடங்கித் தாளை மெல்ல இழுத்தபடியே அழுத்திக்கொண்டு போகலாம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுக்கு வேண்டும். லேசாகத் தட்டிவிட்டுப் போனால் ஒட்டாது. சாதாரண வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பலமும், 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கும், 72 மணி நேரத்தில் முழுப் பலமும் வரும். ஆகவே மூன்று நாள் காரைக் கழுவ வேண்டாம், வேகமாகவும் ஓட்ட வேண்டாம்.

ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கையால் இறுக்கும் அளவு போதும். பம்பர் அசையாத பொருளைப்போலத் தெரிந்தாலும், அது நாள்தோறும் நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பம்பர் பிளாஸ்டிக், அதிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் 4 முதல் 6 மிமீ நீளும். அதே நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் 2 மிமீகூட நீளாது. கார்பன் ஃபைபர் கிட்டத்தட்ட அசையவே அசையாது. இரண்டையும் எல்லா ஓட்டையிலும் முறுக்கி இறுக்கிவிட்டால், ஒன்று மற்றதை இழுக்கும்; பம்பர் அலைபோல நெளியும், இல்லையென்றால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

அதனால் நடு ஓட்டையை மட்டும் ஸ்க்ரூ அளவுக்குப் போட்டு, இரு பக்கமும் போகப் போக ஓட்டையைப் பக்கவாட்டில் நீளமாக்குங்கள். அகலமான வாஷரும் அதற்கடியில் ஒரு ரப்பர் வளையமும் போட்டால் ஸ்க்ரூ பிடித்துக்கொண்டே நகர இடம் கிடைக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவே போடுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக மரையிடுவதைவிட, உள்பக்கம் யூ வடிவ கிளிப் நட் மாட்டி அதில் எம்5 போல்ட் போடுவது நீடிக்கும், பின்னால் கழற்றவும் வசதி. டிரில் செய்யும் முன் குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. முதலில் 3 மிமீ ஓட்டை, பிறகு தேவையான அளவு. பிட்டில் ஒரு மரத்துண்டைச் செருகி, உள்ளே எவ்வளவு இறங்கலாம் என்று எல்லை கட்டிவிடுங்கள்.

பார்க்கிங் சென்சாருக்குப் பிரச்சினை வருமா?

வரலாம். அது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. சென்சாருக்குக் கீழே டிஃப்யூசரின் துடுப்பு வெளியே நீண்டிருந்தால், பின்னால் ஒன்றுமே இல்லாதபோதும் அலறும். பொருத்திப் பார்க்கும்போதே சென்சார்களை இணைத்து ரிவர்ஸ் கியர் போட்டுச் சோதித்துவிடுங்கள். சென்சார் முகத்தில் பெயின்ட் தடிமனாக ஏறினாலும் இதே தொந்தரவு வரும்.

பக்கவாட்டு வாகனத்தை எச்சரிக்கும் ரேடார் இருக்கும் காரில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கட்டாயம் படியுங்கள். கண்ணாடியில் தெரியாத இடத்தில் வரும் வாகனத்தைக் காட்டும் வசதி உள்ள கார்களில், ரேடார் பெட்டி பெரும்பாலும் பின் பம்பரின் இரு மூலைகளுக்குள் ஒளிந்திருக்கும். 24 அல்லது 77 கிகாஹெர்ட்ஸ் அலைகள் பம்பர் பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளியே போகின்றன. உலோகமும் கார்பன் ஃபைபரும் அவற்றைத் தடுக்கும். மூலையில் தடிமனான புட்டி, உலோகத்துகள் மிகுந்த பெயின்ட், பெரிய ஸ்டிக்கர் இவையும் அலையைக் குழப்பும்.

கொடுமை என்னவென்றால், சில நேரம் எச்சரிக்கை விளக்கு எரியாமலே ரேடார் தவறாகக் கணிக்கும். பக்கத்தில் யாரும் இல்லை என்று நம்பி நீங்கள் திரும்பிவிடுவீர்கள். மூலைப் பகுதியை மறைக்கும் கார்பன் ஃபைபர் துண்டுகளை அந்தக் கார்களுக்கு வாங்கவே கூடாது என்பது என் கருத்து. பம்பரைக் கழற்றி மாட்டியதாலேயே ரேடாரின் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்லும் கார்களும் உண்டு. காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

காலை ஆட்டினால் டிக்கி திறக்கும் வசதிக்கான சென்சாரும் பம்பருக்குள்தான் இருக்கும். அதன் முன்னும் கார்பன் ஃபைபரும் உலோகமும் வேண்டாம்.

சைலன்சர் சூட்டில் பிளாஸ்டிக் உருகுமா?

ஏபிஎஸ் 100 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். சைலன்சர் நுனி அதைத் தாண்டிச் சூடாகலாம். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மிமீ இடைவெளி விடுங்கள். நின்ற காரில் அளந்தது மட்டும் போதாது, குழாய் ரப்பர் தாங்கிகளில்தான் தொங்குகிறது. இன்ஜின் குலுங்கும்போது அதுவும் ஆடும், அதனால் கையால் ஆட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். இடம் போதாத பக்கத்தில், டிஃப்யூசரின் உட்புறம் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாளை ஒட்டலாம். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் அந்த விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இளகி மெத்தென்று இருந்தால், விளிம்பை வெட்டி இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் வரிசை?

கழுவுதல், எண்ணெய்ப்பசை நீக்குதல், 400 எண் உப்புத்தாளால் தேய்த்தல், பெயின்ட்டுக்கு அடிப்பூச்சாகும் பிரைமர் (டேப்புக்குத் தடவும் பிரைமர் வேறு), 800 எண்ணால் மறுபடி தேய்த்தல், நிறம், கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சு. வளையும் பாலியூரித்தேன் துண்டென்றால் பெயின்டில் நெகிழ்வூட்டும் திரவம் கலக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் உரசலிலேயே வெடிக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த பரப்பில் உடனே டேப் ஒட்டினால், பிறகு பிரியும்போது பெயின்டையும் சேர்த்துக்கொண்டு வரும். காற்றில் காயவைத்த பெயின்ட் என்றால் ஒரு மாதம் பொறுங்கள்.

நடுவில் சிவப்பு விளக்கு மின்னும் டிஃப்யூசர் நன்றாக இருக்கிறதே?

ஃபார்முலா ஒன் காரின் மழை விளக்கைப் பார்த்து வந்தது அது. சாலையில் மின்னும் சிவப்பு விளக்கைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், பின்னால் வருபவர் நாம் பிரேக் போடுகிறோமா இல்லையா என்று குழம்பக் கூடாது. அந்தத் துண்டு பிடித்திருந்தால் விளக்கை இணைக்காமல் மாட்டுங்கள். பிரதிபலிப்பானையும் நம்பர் பிளேட் விளக்கையும் எந்தத் துண்டாலும் மறைக்காதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும், பதிலைச் சேமித்து வையுங்கள்.

மாட்டிய பிறகு கடகடவென்று சத்தம் வருகிறது. என்ன செய்வது?

ஸ்க்ரூவை இன்னும் இறுக்கத்தான் முதலில் கை போகும். வேண்டாம். டிஃப்யூசரை உள்ளங்கையால் பல இடங்களில் தட்டிக்கொண்டே போனால் எங்கே இரண்டு துண்டும் மோதுகின்றன என்று தெரிந்துவிடும். அங்கே மெல்லிய நுரைப் பட்டையைச் செருகினால் சத்தம் நிற்கும். பம்பரின் அடியில் இருக்கும் சிறு வடிகால் ஓட்டைகளை மட்டும் அந்த நுரை அடைத்துவிடக் கூடாது, உள்ளே தண்ணீர் தேங்கும்.

ஒரு ஓரம் மட்டும் எழும்புகிறது. பசை விட்டு அமுக்கலாமா?

சூப்பர் க்ளூ போன்றவை காய்ந்ததும் கண்ணாடிபோல இறுகும். அதிர்வில் உடனே விட்டுவிடும், பெயின்டையும் கெடுக்கும். அந்த ஓரத்தின் பழைய டேப்பை முழுக்க எடுத்து, துடைத்து, பிரைமர் தடவி, புது டேப் போடுங்கள். மறுபடியும் எழும்பினால் வடிவமே அங்கே பொருந்தவில்லை. அந்த விளிம்பைச் சூடாக்கி வளைத்து, குளிரும் வரை பிடித்திருந்து, பிறகு ஒட்ட வேண்டும்.

பின்னால் எடுக்க வேண்டுமென்றால் தடம் தெரியாமல் எடுக்க முடியுமா?

டேப் மட்டும் ஒட்டியதை எடுக்கலாம். ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, ரம்பம்போல முன்னும் பின்னும் இழுத்து டேப்பை நடுவில் அறுங்கள். மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் சுருண்டு வந்துவிடும். கடைசிப் பிசுக்கைப் பசை நீக்கியால் துடைக்கலாம். கத்தி, இரும்புத் தகடு எதுவும் பெயின்டின் பக்கம் போக வேண்டாம். ஸ்க்ரூ போட்ட ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றை ரப்பர் மூடியால் அடைக்கலாம். முடிந்தவரை பம்பரின் அடிமுகத்தில், நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில் ஓட்டை போட்டிருந்தால் அதுவே போதும்.